முழுக்கைச் சட்டையும் பெரிய பொட்டும்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று வழக்கம்போல் கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் உனக்குத் தெரியாது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்திடம் அந்தச் சாக்கு எடுபடாது. உட்கார்ந்து நிதானமாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, "லீவு கெடைக்கலம்மா, கல்யாணத்தை ஆறு மாசம் தள்ளி வெச்சுக்கலாம்" என்றாய். பத்திரிகை அச்சாகி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையை அண்ணாமலையார் சன்னிதியில் வைத்து எடுத்து வந்து பத்து நாள் ஆகிறது. உன் அப்பா அன்றிலிருந்து உன் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "கல்யாணத்துக்கு லீவு குடுக்காத கம்பெனி இன்னா கம்பெனிங்க, அதுக்கு எங்க ஃபேன்ஸி ஸ்டோரே மேல்" என்கிறார். பாவம் அந்தக் கம்பெனி, அது எந்தத் தப்பும் செய்யவில்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்வது உன் மேனேஜர் இல்லை, உன் முழுக்கைச் சட்டை.

சித்திரையில் நீ வந்திருந்தாயே, அப்போதே பிடித்துவிட்டேன். மலைப்பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலம் ஊர்மேல் கொட்டுகிற மாதம் அது. தெருவே பனியனோடு உட்கார்ந்திருக்க, நீ மட்டும் மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டுக்கொண்டு திரிந்தாய். கேட்டால், "ஓசூர் குளிர்ல பழகிடுச்சும்மா" என்றாய். ஓசூர்க் குளிரைச் சட்டைக்குள் போட்டுத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்த முதல் ஆள் நீதான். துவைக்கத் துணி எடுக்கலாமென்று உன் பையைத் திறந்தால் மூன்று களிம்பு ட்யூப்கள், மூன்றும் வாலிலிருந்து கழுத்து வரைக்கும் சுருட்டிப் பிழிந்தவை. மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் புழுக்கம் தாங்காமல் தூக்கக் கலக்கத்திலேயே சட்டையைக் கழற்றி எறிந்தாய். கரண்ட் போனதற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக, வளையம் வளையமாக, நம் கடை வளையல் ஸ்டாண்டு மாதிரி படர்தாமரை. இடது முன்கையில் எலுமிச்சம்பழ வில்லை அளவுக்கு, வெளுத்துப்போய் ஒரு தேமல்.

நீ மறைத்ததில் எனக்குக் கோபமில்லை. மறைக்கிற வித்தையில் நீ இன்னும் கத்துக்குட்டி. நான் ஏழு வருஷம் மறைத்தவள், அதுவும் முகத்தின் நட்ட நடுவில், ஊர் முழுக்க வந்துபோகிற கடைத்தெருவில் உட்கார்ந்துகொண்டு. அந்தக் கதையை இதுவரைக்கும் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

எண்பத்தொன்பதில் தேரடி வீதியில் கடை போட்டபோதுதான் ஸ்டிக்கர் பொட்டு நம் ஊரில் பிரபலமாகிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் குங்குமமும் சாந்தும்தான். வியர்த்தால் மூக்கு நுனி வரைக்கும் வழியும். ஸ்டிக்கர் அப்படியில்லை, ஒட்டினால் ஒட்டினதுதான். உன் அப்பாவுக்கு விளம்பரத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. "நீ வெச்சிக்கினு முன்னாடி உட்காரு, வர்றவங்க உன்னப் பாத்துட்டு அதே மாதிரி கேப்பாங்க" என்றார். உட்கார்ந்தேன். கடை நிறையச் சரக்கு இருந்தும் எனக்குச் சிக்கனப் புத்தி. குளிக்கும்போது பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவேன், வந்து அதையே திரும்ப நெற்றியில் ஒட்டிக்கொள்வேன். ஒரு பொட்டு ஒரு வாரம் வரும். நம் வீட்டுக் கண்ணாடி என்னைவிட அதிகமாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும்.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் பொட்டை எடுத்துப் பார்த்தால், அது இருந்த இடத்தில் கடுகளவு வெள்ளை. வெண்குஷ்டம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு அப்போது பதின்மூன்று வயது. இந்த வீட்டில் இப்படி ஒரு வியாதி என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு உனக்கு எவன் பெண் கொடுப்பான் என்றுதான் முதலில் தோன்றியது. வந்த சரக்கில் ஒரு சைஸ் பெரிய பொட்டாகப் பார்த்து எடுத்து ஒட்டினேன். வெள்ளை மறைந்தது, நிம்மதியாகச் சோறு இறங்கியது. நாலு மாதத்தில் வெள்ளை அந்தப் பொட்டையும் தாண்டி எட்டிப் பார்த்தது. அதற்கும் பெரிய பொட்டு எடுத்தேன். வெள்ளை வளர்கிறதே என்று நான் பொட்டை வளர்த்தேன், பொட்டு வளர்கிறதே என்று வெள்ளை வளர்ந்தது. கடுகு மிளகாகி, மிளகு துவரம்பருப்பாகி, கடைசியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்து நின்றது. வேறு கடைக்காரன் பெண்டாட்டியாக இருந்தால் வழியில்லாமல் டாக்டரிடம் போயிருப்பேன். நம் கடையில்தான் எல்லா சைஸும் இருக்கிறதே.

சும்மாவும் இருக்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டு, கார்போகரிசி என்ற விதையை வாங்கிவந்து அரைத்துப் பூசினேன். பூசிவிட்டு வெயிலில் நிற்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத்தான் என்று தெரிந்துவிடுமே, அதனால் கேட்கவில்லை. மாடியில் வடகத்துக்குக் காக்காய் ஓட்டுகிற சாக்கில் மத்தியானம் முழுக்க நின்றேன். வடகமும் காய்ந்தது, என் நெற்றியும் வெந்தது. சாயங்காலம் பொட்டு வைக்கிற இடத்தில் கொப்புளம். அதன்மேலும் ஒரு பொட்டை ஒட்டினேன் என்றால் உன் அம்மாவின் வைராக்கியத்தைப் பார்த்துக்கொள்.

இதில் நடந்த வேடிக்கை நம் ஊரில் மட்டுமே நடக்கும். காவி கட்டியவர் எல்லாருக்கும் கும்பிடு விழுகிற ஊர் இது. நெற்றி நிறையப் பொட்டு, வெள்ளிக்கிழமைக்கு மஞ்சள் புடவை, மனதில் கவலை இருப்பதால் அதிகம் பேசாத முகம். இது போதாதா? பௌர்ணமிக்குக் கிரிவலம் முடித்துவிட்டு வளையல் வாங்க வந்த ஒரு அம்மாள், "தாயே, என் பொண்ணுக்கு வரன் தள்ளித் தள்ளிப் போவுது, ஒரு நல்ல வாக்கு சொல்லுங்க" என்று குனிந்துவிட்டாள். நான் பதறி, "ஆவும்மா, ஆவும், எழுந்திருங்க" என்றேன். அடுத்த பௌர்ணமிக்கே மகளுக்கு நிச்சயமாகிவிட்டதென்று பழத்தோடு வந்து நின்றாள். அதோடு நான் ஊருக்கே சாமியம்மா ஆகிவிட்டேன். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தினமும் காலையில் வந்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் அரைமணி நேரம் என் பொட்டையே பார்த்துவிட்டுப் போவாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று நான் பொட்டை அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொள்வேன். உன் அப்பா மட்டும், "இந்தா, உன்னால கூட்டம் ஜாஸ்தியா வருது, கம்மியாவே பேசு" என்றார்.

எல்லாம் ஒரு சித்ரா பௌர்ணமியில் கவிழ்ந்தது. காலையிலிருந்தே கூட்டம், மின்விசிறி வெறும் சத்தம்தான் போட்டது, வியர்வை ஆறாக ஓடியது. ஒரு அம்மாள் குனிய, நான் தலையில் கைவைக்கக் குனிய, என் பொட்டு கழன்று அவள் வகிட்டில் போய் உட்கார்ந்தது. அந்த அம்மாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணில் நீரோடு, "பிரசாதம் குடுத்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். அவளுக்கு அருள் கிடைத்தது, எனக்கு வெள்ளை வெளியே வந்தது. பக்கத்தில் ஹேர்பின் பொறுக்கிக்கொண்டிருந்தவள் பெரியாஸ்பத்திரி நர்ஸ். என் நெற்றியையே பார்த்தாள். நான் முந்தானையால் மூடிக்கொண்டேன். அவள் கிட்டே வந்து, "அக்கா, மூடாதீங்க. இது பொட்டு ஒத்துக்காம வர்றது மாதிரி இருக்கு. தோல் டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிடுங்க" என்றாள். ஏழு வருஷத்தில் அதை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான், ஏனென்றால் நான் காட்டிய முதல் ஆளும் அவள்தான், அதுவும் தெரியாமல் காட்டியது.

டாக்டர் வேலூரிலிருந்து வாரம் ஒருநாள் வருகிற பெண்மணி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா இருக்கு?"

"ஏழு வருஷங்க."

"ஏழு வருஷமா இன்னா பண்ணீங்க?"

"பெரிய பொட்டா வெச்சேங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துச் சொன்னார், "பொட்டுல இருக்கிற பசை சில பேருக்குத் தோல் நிறத்தையே எடுத்துடும்மா. மறைக்க வெச்சதேதான் வளத்திருக்கு. இன்னியிலேர்ந்து நெத்தியில எதையும் ஒட்டாதீங்க."

"அப்ப வெண்குஷ்டம் இல்லீங்களா?"

"இல்ல. அதுவே இருந்தாலும் அது ஒட்டிக்கிற வியாதி இல்ல. அதுக்கும் குஷ்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. பேரு வெச்சவனைத்தான் உதைக்கணும்."

அதன்பிறகு என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து நெற்றியில் அங்கங்கே தொட்டார். எங்கே தொடுகிறேனோ அங்கே விரலால் காட்டுங்கள் என்றார். காட்டினேன். எதற்கு இது என்று கேட்டேன். "வெளுத்த இடம் எதுவா இருந்தாலும் முதல்ல இதைப் பாக்கணும். தொட்டா தெரியுதுன்னா நிதானமா வைத்தியம் பண்ணலாம். தெரியலைன்னா தள்ளிப்போடவே கூடாது. அது நரம்பைப் பிடிக்கிற தொழுநோயா இருக்கலாம். மாத்திரை இருக்கு, சீக்கிரம் வந்தா சுத்தமா குணமாயிடும். எல்லாரும் சட்டைக்குள்ள மறைச்சு மறைச்சு, வெரல் மடங்கின பிறகு வந்து நிக்கிறாங்க" என்றார். அந்தப் பஞ்சை நான் மறக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, "நம்ம கடை பொட்டா?" என்பது. இரண்டாவது கேள்விக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். "ஏழு வருஷமா எங்கிட்ட சொல்லாம தனியா பயந்துனு இருந்தியா?" என்றார். அன்றைக்குத்தான் இன்னொன்றும் ஒப்புக்கொண்டார். கவரிங் தோடு போட்டு காது புண்ணாகி வருகிற பெண்களிடம், "மொதல்ல அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்று சொல்லியே அனுப்பிக்கொண்டிருந்தாராம். மறுநாளிலிருந்து, "ஒத்துக்கலைன்னா கழட்டிடுங்க, புண்ணு ஆறலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மாற்றிக்கொண்டார்.

திருந்தினாரே தவிர, முழுசாகத் திருந்தவில்லை. கீழ்பென்னாத்தூருக்கு வசந்தியைப் பெண் பார்க்கப் போனோமே, அன்றைக்கு அப்பாவுக்குப் பல்வலி என்று உன்னிடம் சொன்னோம். பல்லும் இல்லை, வலியும் இல்லை. சம்பந்தி வீட்டுக்கு இளமையாகப் போக வேண்டுமென்று முதல்நாள் மீசைக்கு மை அடித்தார். காதுக்குப் பின்னால் துளி தடவிப் பார்க்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. அதெல்லாம் மற்றவர்களுக்கு என்று நினைத்துவிட்டார். காலையில் மேலுதடு கொழுக்கட்டை ஆகிவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். வசந்தியின் அப்பா என்னிடம் தனியாகச் சொன்னார், "சம்பந்தி ரொம்ப கண்ணியமான மனுஷருங்க, ஒரு வார்த்தை அநாவசியமா பேசல." உன் கல்யாணம் நிச்சயமானது அந்த உதட்டால்தான். ஆனால் விளையாட்டில்லை. முகம் வீங்கி, அதோடு மூச்சு இழுத்தால் பெண் பார்க்கப் போகக்கூடாது, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவருக்கு உதட்டோடு நின்றது அண்ணாமலையார் புண்ணியம்.

இப்போது உன் ட்யூப்களுக்கு வருகிறேன். அதில் ஒன்றை உனக்குத் தெரியாமல் எடுத்துப்போய் அந்த நர்ஸிடம் காட்டினேன். "மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போட்டாரா? போட்டா ரெண்டு நாள்ல அடங்கியிருக்குமே, விட்டா டபுளா வந்திருக்குமே" என்றாள், கூட இருந்து பார்த்தவள் மாதிரி. அரிப்பை அமுக்குகிற மருந்து அதில் கலந்திருக்கிறதாம். அரிப்பு தூங்கும், படர்தாமரை உள்ளே நன்றாக வளரும். என் பெரிய பொட்டுக்கும் உன் களிம்புக்கும் என்ன வித்தியாசம் சொல்? எல்லாவற்றுக்கும் டாக்டரிடம் ஓடு என்று நான் சொல்லவில்லை. வேர்க்குருவுக்கு இரண்டு வேளைக் குளியலும் பருத்திச் சட்டையும் போதும். பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெய் போதும். ஆனால் இரண்டு வாரத்தில் அடங்காதது, அடங்கி அடங்கித் திரும்ப வருவது, ரூமில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து சொறிவது, ஆறாத புண், திடீரென்று உருவமோ நிறமோ மாறுகிற மச்சம், இதற்கெல்லாம் மெடிக்கல் ஷாப்காரரும் அம்மாவும் டாக்டர் இல்லை. தொட்டால் தெரியாத தேமலுக்கு இரண்டு வாரம்கூடக் கிடையாது.

அந்த மத்தியானத்துக்குத் திரும்பிப் போகிறேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். என் முந்தானையில் ஒரு நூலைப் பிரித்து எடுத்தேன். உன் வலது கையில் மெதுவாகத் தொட்டேன், கொசு என்று தூக்கத்திலேயே ஓங்கி அடித்தாய். இடது கையில் தேமலுக்கு மேலே தொட்டேன், மறுபடியும் அடித்தாய். தேமலின் மேல் தொட்டேன். நீ அசையவில்லை. இன்னொரு தரம் தொட்டேன். மூன்றாம் தரமும் தொட்டேன். நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். நான் சமையல்கட்டுக்குப் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். "இன்னாம்மா, சாம்பார்ல வெங்காயமா மெதக்குது" என்று சாயங்காலம் கேட்டாயே, அதுதான் காரணம். ஒரு கிலோ உரித்தாலும் தீராத அழுகை அது.

இனி சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். அன்றைக்கே உன்னை எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. ஒரு மாதமாகச் சொல்லவும் இல்லை. தாலி கட்டி முடியட்டும், அப்புறம் மெல்லப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டாக்டர் அத்தனை சொல்லியும், நெற்றியில் அத்தனை பட்டும், என் பழைய புத்தி இன்னும் ஒரு சைஸ் பெரிய பொட்டைத்தான் தேடியது. நீ போன் செய்து கல்யாணத்தைத் தள்ளச் சொன்னபோதுதான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணிடம் மறைத்துக் கட்ட உனக்கு மனசில்லை. எனக்கு மனசு இருந்தது. என்னை மன்னித்துவிடு. நான் மறைத்துக் கல்யாணத்தை முடிக்க நினைத்தேன், நீ கல்யாணத்தையே தள்ளி மறைக்கப் பார்த்தாய். டாக்டரைத் தவிர எல்லாவற்றையும் இரண்டு பேரும் யோசித்திருக்கிறோம்.

அது வெறும் தேமலாகவே இருக்கலாம். தூங்குகிறவன் கையில் நூலை வைத்து நான் கண்டது தப்பாகவும் இருக்கலாம். அந்த வியாதியேதான் என்றாலும் கலங்காதே. அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை சும்மாவே தருகிறார்களாம், ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குப் பரவாதாம். நர்ஸிடம் நான்கு தரம் கேட்டு நான்கு தரமும் அதே பதிலை வாங்கியிருக்கிறேன். வசந்தி வாராவாரம் கடைக்குப் போன் செய்கிறாள். "அத்தை, அவருக்கு இன்னா ஆச்சு, சரியாவே பேச மாட்றாரு. என் மேல ஏதாச்சும் கோவமா?" என்று கேட்கிறாள். நான் எதுவும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. டாக்டர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே அவளிடம் சொல். தேதி நிற்குமா, தள்ளுமா என்பதை அதன்பிறகு நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்யுங்கள்.

நேற்று உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை, இந்த முறை உதடும் வீங்கவில்லை. பிறகு, "அப்ப அந்தக் கம்பெனிய நான் திட்டினதெல்லாம் வேஸ்ட்டா?" என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும் வர்றேன்" என்றார். வரும் திங்கட்கிழமை கடைக்கு லீவு. முதல் பஸ்ஸைப் பிடித்து ஓசூருக்கு வருகிறோம், நேராக டாக்டரிடம் போகிறோம். என் நெற்றியில் அந்த வெள்ளை முழுக்கப் போகவில்லை, கடுகளவு இன்னும் இருக்கிறது. அதை மூடாமல் வருகிறேன். அப்பா மை அடிக்காத மீசையோடு வருகிறார். நீ அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வா.

உன் அம்மா